நாட்டுத் தேனீயைத் தேர்ந்து பெருக்க விரும்புவோர் எதை, எங்கிருந்து, எந்த வரிசையில் கற்பது?

தேனீ வளர்ப்புக்குப் புதிதாக வந்து, தம் பகுதியில் இயல்பாக வாழும் தேனீயையே தேர்ந்தெடுத்து மேம்படுத்த வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் முதலில் கேட்பது, நல்ல ராணி எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்வியை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடுவது நல்லது. கன்னி ராணி பெட்டிக்குள் இணைவதில்லை. வானில் பறந்து, பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண் தேனீக்களோடு இணைகிறது. அந்த ஆண் தேனீக்களில் பல, அக்கம்பக்கத்தார் பெட்டிகளிலிருந்தும் நம் கண்ணுக்குத் தெரியாத மரப்பொந்துகளிலிருந்தும் வந்தவை. எனவே காசு கொடுத்து வாங்கிய ராணியிடமிருந்து மகள் ராணிக்குப் பாதி மரபுதான் சேரும். பேத்திக்குக் கால்பங்குதான் சேரும். நான்காவது தலைமுறைக்குள் வாங்கிய பணத்தின் பயன் ஏறக்குறைய கரைந்துபோகும். கற்றுக்கொண்ட கை மட்டும் மிஞ்சும். அந்தக் கையைப் பழக்குவதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: எந்தத் தேனீ என்பதில் தெளிவு

உலகில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, தேன் சேர்க்காதவை. இங்கே பேசுவது பெட்டியில் வளர்க்கத்தக்க தேனீக்களைப் பற்றி மட்டுமே; கொடுக்கில்லாத் தேனீக்களின் வளர்ப்பு முற்றிலும் வேறான கலை என்பதால் அதை ஒதுக்கிவைக்கிறேன். பெட்டித் தேனீயிலும் இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட ஏபிஸ் மெல்லிஃபெரா ஒன்று. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட ஏபிஸ் செரானா மற்றொன்று. முன்னதற்குள் இத்தாலியத் தேனீ, கார்னியோலத் தேனீ, வடமேற்கு ஐரோப்பாவின் கரும் தேனீ என்று பல உட்பிரிவுகள் உண்டு. ஒரு தேனீ தானாகவே நாட்டுத் தேனீ ஆகிவிடுவதில்லை. அது இருக்கும் இடத்தைப் பொறுத்தே அந்தப் பெயர் பொருந்தும். கரும் தேனீ அயர்லாந்தில் நாட்டுத் தேனீ. அதே தேனீ ஆசியாவில் வந்தேறி.

இந்தத் தெளிவு வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. கையில் கிடைக்கும் பயிற்சி நூல்களில் பெரும்பங்கு மெல்லிஃபெராவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள அறை அளவு, நாள் கணக்கு, நோய் மருத்துவம் எதையும் செரானாவுக்கு அப்படியே பொருத்த இயலாது. செரானாவின் அடையறை சிறியது. அதன் குடும்பம் சிறியது. தொந்தரவு மிகுந்தால் பெட்டியை விட்டு மொத்தமாக ஓடிப்போகும் இயல்பு அதற்கு அதிகம். வரோவா உண்ணி அதன் பழைய ஒட்டுண்ணி. பெரும்பாலும் ஆண் புழு அறைகளில் மட்டுமே பெருகுவதால் செரானா அதைத் தாக்குப்பிடிக்கிறது. மெல்லிஃபெராவுக்கோ அதே உண்ணி குடும்பத்தையே அழிக்கவல்லது. இரண்டு இனங்களும் கலந்து உயிருள்ள கலப்பினம் தோன்றுவதும் இல்லை. ஒரு சிறு அடையாளமும் சொல்லிவைக்கிறேன்: வாசலில் நின்று சிறகடித்துக் காற்று வீசும் தேனீ, மெல்லிஃபெராவானால் தலையை வாசலை நோக்கி வைத்திருக்கும், செரானாவானால் தலையை வெளிப்பக்கம் வைத்திருக்கும். எந்த நூலையும் திறக்காமல் கற்கக்கூடிய முதல் பாடம் இது.

உள்ளூர்த் தேனீக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்குக் காட்டத்தக்க சான்று 2014-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று. 16 மரபுவழிகளைச் சேர்ந்த 597 குடும்பங்கள் 20 பண்ணைகளில், வரோவாவுக்கு மருந்து கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. அந்தந்த இடத்து ராணிகளைக் கொண்ட குடும்பங்கள், வெளியிலிருந்து கொண்டுவந்தவற்றைவிடச் சராசரியாக 83 நாட்கள் கூடுதலாக உயிர் வாழ்ந்தன. உள்ளூர்த் தேனீ எல்லாவற்றிலும் சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சூழலோடு ஒட்டி வளர்ந்த ஒரு பண்பு இருக்கிறது, அதை அறியாமல் மாற்றினால் இழப்பு நேரலாம் என்ற அளவில் மட்டுமே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளி மரபைக் கவனமின்றிக் கொண்டுவந்ததன் விளைவுக்குப் பிரேசிலே போதும். தேன் மகசூலைக் கூட்டுவதற்காக 1956-இல் ஆப்பிரிக்க ராணிகள் அங்கே தருவிக்கப்பட்டன; அடுத்த ஆண்டு 26 குடும்பங்கள் ராணிகளோடு தப்பிச் சென்றன; அவற்றின் வழித்தோன்றல்கள் சில பத்தாண்டுகளுக்குள் தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா ஆகியவற்றின் பெரும்பகுதிக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதிக்கும் பரவிவிட்டன.

இரண்டாம் படி: ஓர் ஆண்டு வளர்ப்பு, பிறகுதான் தேர்வு

அடையைத் தூக்கி முட்டையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் தேர்வைப் பற்றிப் பேசுவது வீண். முதல் ஆண்டு முழுவதும் இரண்டு குடும்பங்களை மட்டும் வைத்து, அவற்றைப் பிழைக்க வைப்பதே பாடம். ஒன்று மட்டும் வைத்தால் ஒப்பிட ஆள் இல்லை. ராணி செத்துப்போனால் முட்டை அடை ஒன்றைக் கொடுத்து உதவ இன்னொரு குடும்பமும் இல்லை. பல ஆண்டு அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவரின் பெட்டிகளைத் திறக்கும்போது கூட நிற்க அனுமதி கேளுங்கள். கூட நிற்பது என்றால் பேசாமல் நிற்பது. அவர் அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் திரும்ப வைக்கும் தருணங்கள்தான் மிகுதியாகக் கற்பிக்கின்றன. எதைப் பார்த்து அவர் நிம்மதி அடைந்தார் என்று பெட்டியை மூடிய பிறகு கேட்டறியுங்கள்.

நூல் வாங்கும் முன் நான்கு செய்திகளைப் புரட்டிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். எந்த இனத்தைப் பற்றியது, எந்தத் தட்பவெப்பத்தில் எழுதப்பட்டது, எந்த வகைப் பெட்டியை எடுத்துக்கொள்கிறது, எழுதியவரின் பகுதிக்கு வரோவா வருவதற்கு முன்பா பின்பா என்பவை அவை. கடைசிக் கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்த உண்ணி வருவதற்கு முன் எழுதப்பட்ட நூல்களில் ராணி வளர்ப்பும் இனத்தேர்வும் அருமையாக விளக்கப்பட்டிருக்கும். குடும்பத்தைக் காப்பாற்றும் பகுதி மட்டும் இன்றைக்கு உதவாது. பழைய நூலை ஒதுக்க வேண்டாம். எந்த அதிகாரத்தை நம்புவது என்று தெரிந்து படித்தால் போதும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் தரமானவை உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட தேனீ வளர்ப்புக் கையேடுகள் எளிய நடையில் அமைந்தவை. வெப்பநாட்டு வளர்ப்பும் ஆசியத் தேனீக்களும் அவற்றில் இடம் பெறுகின்றன. கோலோஸ் என்ற பன்னாட்டு ஆய்வாளர் வலையமைப்பு 2013 முதல் வெளியிட்டுவரும் பீபுக் தொகுதியில், ராணி வளர்ப்பு, தேர்வு, உண்ணிக் கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கான சீரான செய்முறைகள் அளவுகளோடு தரப்பட்டுள்ளன. அது ஆய்வாளர்களுக்கானது என்று அஞ்ச வேண்டாம். முன்னுரைகளைத் தாண்டிச் செய்முறைப் பத்திகளுக்கு நேரே சென்றால் சமையல் குறிப்புப் போலத்தான் இருக்கும். நாட்டுத் தேனீக்கென்றே இயங்கும் சங்கங்களில் பிரிட்டனின் பிப்பா பழைமையானவற்றுள் ஒன்று. 1964-இல் தொடங்கிய அச்சங்கம் கரும் தேனீயை மையமாகக் கொண்டு, சாதாரண வளர்ப்பாளர் தன் கொல்லைப்புறத்தில் செய்யக்கூடிய தேர்வு முறைகளை வலியுறுத்திவருகிறது. நீங்கள் வளர்ப்பது வேறு தேனீயாக இருந்தாலும் அவர்களுடைய அணுகுமுறை பயன்படும்.

காணொளிகளைப் பற்றி ஒரு சொல். கைவேலையைக் கற்க அவற்றுக்கு நிகரில்லை. ஒரு நாள் வயதுப் புழுவை அறையிலிருந்து எப்படிச் சுரண்டாமல் எடுப்பது என்பதைப் பத்துப் பக்கம் படித்தாலும் விளங்காது, இரண்டு நிமிடம் பார்த்தால் விளங்கும். ஆனால் எந்தத் தேனீ சிறந்தது, எந்த முறை தோற்காது என்று சொல்லும் காணொளிகளில் தோற்ற முயற்சிகள் காட்டப்படுவதில்லை. கையைப் பாருங்கள், முடிவை ஏற்காதீர்கள்.

மூன்றாம் படி: மரபைத் தாளில் எழுதிப் பழகுதல்

புதியவர்கள் தாண்டிச் செல்ல விரும்பும் பகுதி இதுதான். தாண்டியவர்கள் பல ஆண்டு கழித்துத் திரும்பி வருவதும் இங்கேதான். ஆடு, மாடு, கோழி ஆகியவற்றில் பெற்ற அறிவு தேனீயில் வழிதவறச் செய்யும்.

ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது என்பதை ஜான் ஜீர்சோன் என்ற பாதிரியார் 1845-இல் முன்வைத்தார். ஆகவே ஆண் தேனீக்குத் தந்தை இல்லை. ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு. வேடிக்கையான இந்தச் செய்தியிலிருந்து மூன்று நடைமுறை விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, ஓர் ஆண் தேனீயின் விந்தணுக்கள் அனைத்தும் ஒரே மாதிரியானவை. அது தன் தாயின் மரபில் பாதியைச் சுமந்து பறக்கும் பை மட்டுமே. எனவே ஆண் தேனீயைத் தேர்ந்தெடுப்பது என்றால் அதன் தாய் ராணியைத் தேர்ந்தெடுப்பதுதான். இரண்டாவது, ஒரே தந்தைக்குப் பிறந்த வேலைக்காரத் தேனீக்கள் தமக்குள் முக்கால் பங்கு மரபைப் பகிர்கின்றன; வெவ்வேறு தந்தைக்குப் பிறந்தவை கால் பங்கை மட்டுமே பகிர்கின்றன. பெட்டிக்குள் நாம் ஒரு குடும்பமாகப் பார்ப்பது, பல தந்தையரின் மகள்கள் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம். அதன் நற்குணம் ஒரு தந்தையின் மகள்களால் மட்டும் வந்ததாக இருக்கலாம். அந்தக் குணம் ராணியிடமே இல்லாமலும் இருக்கலாம். மிகச் சிறந்த குடும்பத்திலிருந்து எடுத்த மகள் ராணிகளில் சில ஏமாற்றுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது விளைவு மிகவும் கூர்மையானது. தேனீயின் பாலினத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. அது 2003-இல் அடையாளம் காணப்பட்டது. அந்த மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒரு முட்டையில் இரண்டு வேறுபட்ட வடிவங்கள் சேர்ந்தால் பெண். ஒரு வடிவம் மட்டும் இருந்தால் ஆண். உறவுக்குள் இணை சேர்ந்து, கருவுற்ற முட்டையில் ஒரே வடிவம் இருமுறை அமைந்துவிட்டால், பயனற்ற இரட்டை மரபு ஆண் உருவாகிறது. வேலைக்காரத் தேனீக்கள் அந்தப் புழுவைப் பொரித்த சில மணி நேரத்துக்குள் தின்றுவிடுகின்றன. அடையில் நமக்குத் தெரிவது வெற்று அறைகள் மட்டுமே. மூடப்பட்ட புழு அறைகளின் பரப்பில் அங்கங்கே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். நோயாலும் முதிய ராணியாலும் நோயுற்ற புழுவை வெளியே தள்ளும் துப்புரவுக் குணத்தாலும் இதே தோற்றம் வரலாம் என்பதால் உடனே முடிவு கட்டக் கூடாது. ஆனால் இளம் ராணியின் நோயற்ற அடையில் ஓட்டைகள் மிகுந்து, சகோதரி ராணிகளின் அடைகளிலும் அப்படியே இருந்தால், உங்கள் தேர்வு வளையம் குறுகிவிட்டது என்று கொள்ளலாம்.

இதைக் கற்க நூலைவிடத் தாளும் பல நிற மணிகளும் போதும். ஒரு ராணிக்கு இரண்டு மணி, ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு மணி என்று வைத்து மூன்று தலைமுறை விளையாடிப் பாருங்கள். ஒரே ஒரு சிறந்த ராணியின் மகள்களை மட்டும் கொண்டு பண்ணை முழுவதையும் நிரப்பினால் எத்தனை நிறங்கள் காணாமல் போகின்றன என்பது கண்ணெதிரே தெரியும். அதைப் பார்த்த பிறகு, ஒரே தாயை நம்பும் ஆசை போய்விடும்.

நான்காம் படி: குறிப்பேடு

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கற்றல் கருவி, வளர்ப்பாளரே எழுதும் குறிப்பேடுதான். நினைவை நம்பினால், கடைசியாகக் கொட்டிய குடும்பம் எப்போதும் முரட்டுக் குடும்பமாகவே நினைவிருக்கும். ஒவ்வொரு ராணிக்கும் ஓர் எண், பிறந்த ஆண்டு, தாய் யார், எங்கே இணைந்தது என்பவை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்கு எண் கொடுப்பதும் ராணிக்கு எண் கொடுப்பதும் ஒன்றல்ல. பெட்டி அப்படியே இருக்கும், உள்ளே ராணி மாறியிருக்கும். ராணியின் முதுகில் வண்ணப் புள்ளி வைப்பதற்குப் பன்னாட்டு வழக்கம் ஒன்று உண்டு: ஆண்டின் கடைசி இலக்கம் 1 அல்லது 6 ஆனால் வெள்ளை, 2 அல்லது 7 ஆனால் மஞ்சள், 3 அல்லது 8 ஆனால் சிவப்பு, 4 அல்லது 9 ஆனால் பச்சை, 5 அல்லது 0 ஆனால் நீலம். புள்ளியில்லாத ராணி ஒன்று தென்பட்டால், நீங்கள் அறியாமல் ராணி மாற்றம் நடந்துவிட்டது. பழைய குறிப்புகள் புதிய ராணிக்குப் பொருந்தா.

குணங்களைச் சொற்களால் எழுதாமல் 1 முதல் 4 வரை மதிப்பெண் இடுவது நெடுங்கால வழக்கம். 4 மிக நல்லது. சாந்தம், அடையில் அமைதியாக நிற்றல், கூட்டம் பிரியும் நாட்டம் ஆகிய மூன்றுக்கும் இப்படி மதிப்பெண் இடலாம். கையுறையும் புகையும் எவ்வளவு பயன்படுத்தினீர்கள், வானம் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மழை மூட்டத்தில் திறந்த பெட்டிக்கு வெயில் நாள் பெட்டியின் அளவுகோல் பொருந்தாது. செரானா வளர்ப்பவர் நான்காவது பத்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தீனியில்லாக் காலத்திலும் தொந்தரவுக்குப் பிறகும் பெட்டியில் நிலைத்திருந்ததா என்பது. என் கருத்தில் அந்த இனத்தில் தேன் அளவைவிட இந்தக் குணமே முதலில் தேடத்தக்கது. ஓடிப்போன குடும்பத்தின் தேன் கணக்கு பூஜ்யம்.

தேன் அளவை மட்டும் கண்மூடித்தனமாக நம்பக் கூடாது. வரிசையாக ஒரே திசை நோக்கி வைத்த பெட்டிகளில், வழிதவறும் தேனீக்கள் ஓரத்துப் பெட்டிகளில் சேர்ந்துகொள்கின்றன. அந்தப் பெட்டி நிறைவது ராணியின் பெருமையால் அன்று. பக்கத்துக் குடும்பத்தைக் கொள்ளையடித்து நிரம்பிய பெட்டியும் உண்டு. வாசல்களை வெவ்வேறு திசையில் திருப்பி வைத்து, ஒரே பண்ணையில் அதே பருவத்தில் உள்ள குடும்பங்களின் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். வேறொருவர் பண்ணையின் கிலோக் கணக்கோடு உங்களுடையதை ஒப்பிட்டால், தேனீயை அல்ல, பூக்களைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

ஐந்தாம் படி: இரண்டு சோதனைகள்

நோயுற்ற புழுவைக் கண்டறிந்து வெளியே தள்ளும் துப்புரவுக் குணம் மரபுவழிப்பட்டது என்பதை வால்டர் ராதன்புலர் 1960-களில் ஆராய்ந்து காட்டினார். அதைச் சோதிக்க ஆய்வகங்களில் திரவ நைட்ரஜனால் ஒரு வட்டப் பரப்பை உறைய வைத்து, 24 மணி நேரத்தில் இறந்த புழுக்களில் 95 விழுக்காடு அகற்றப்பட்டதா என்று பார்க்கிறார்கள். புதியவருக்கு ஊசிச் சோதனை போதும். ஒரே வயதுள்ள கூட்டுப்புழு அறைகளில் 50-ஐத் தேர்ந்து, மூடியின் வழியே மெல்லிய ஊசியால் குத்திவிட்டு, குறித்த நேரம் கழித்து எத்தனை அறைகள் சுத்தமாகிவிட்டன என்று எண்ணுங்கள். எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் எல்லாக் குடும்பங்களுக்கும் அதே இடைவெளியைக் கொடுப்பதுதான் இதில் முக்கியம்.

மெல்லிஃபெரா வளர்ப்பவர் உண்ணிக் கணக்கையும் கற்க வேண்டும். புழு அடையிலிருந்து ஏறத்தாழ 300 தேனீக்களை ஒரு வலைமூடிப் புட்டியில் எடுத்து, பொடித்த சர்க்கரை தூவிக் குலுக்கி, விழும் உண்ணிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்பது கிடைக்கும். அதற்கு முன் ராணி அந்த அடையில் இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறைதான் பார்த்தேன். அந்த ஆண்டின் மிக நல்ல ராணி சர்க்கரையில் உருண்டது. செரானாவில் பெரும் அச்சுறுத்தல் சாக்புரூட் எனப்படும் நச்சுயிரி நோய். புழு பை போல நீர்கோத்துத் தலை தூக்கியபடி அறையில் சாகும். அந்த நோய் ஒரு பகுதியில் பரவும்போது தாமாகப் பிழைத்து நிற்கும் குடும்பங்களைக் குறித்துவைத்து, அவற்றிலிருந்து பெருக்குவதே தேர்வு.

ஆறாம் படி: ராணி வளர்ப்பு

இளம் புழுக்களைச் செயற்கை ராணிக் கிண்ணங்களுக்கு மாற்றிப் பல ராணிகளைச் செய்யும் முறையைப் பார்த்தவுடன் அதற்கான கருவிகளை வாங்கத் தோன்றும். பத்துக் குடும்பங்களுக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. நல்ல மதிப்பெண் பெற்ற குடும்பம் வலுவாக இருக்கும் பருவத்தில் அதைப் பிரித்து, ராணியில்லாத பகுதிக்கு இளம் முட்டைகள் உள்ள அடையைக் கொடுத்தால் அவையே ராணி அறை கட்டும். மோசமான குடும்பத்தின் ராணியை நீக்கிவிட்டு நல்ல குடும்பத்தின் முட்டை அடையைக் கொடுப்பதும் அதே வழிதான். அந்தக் குடும்பம் தன் சொந்தப் புழுக்களைக் கொண்டு கட்டும் ராணி அறைகளை மட்டும் மறக்காமல் அழித்துவிட வேண்டும்.

கட்டாயம் கற்க வேண்டியது நாள் கணக்கு. மெல்லிஃபெராவில் முட்டையிட்ட நாளிலிருந்து ராணி 16 நாட்களிலும், வேலைக்காரத் தேனீ 21 நாட்களிலும், ஆண் தேனீ 24 நாட்களிலும் வெளிவருகின்றன. வெளிவந்த ராணி ஏறக்குறைய ஒரு வாரத்தில் இணைப் பறப்புக்குத் தயாராகும். ஆண் தேனீ முதிர்வதற்கு வெளிவந்த பிறகும் இரண்டு வாரம் ஆகும். ஆக ராணிக்கு முட்டையிலிருந்து 22, 23 நாள். ஆணுக்கு 38 நாள். ஒரு நாள் வயதுப் புழுவை, அதாவது முட்டையிட்டு நான்காம் நாளில் இருக்கும் புழுவை, மாற்றி ராணி வளர்க்கத் தொடங்குவதானால், நீங்கள் விரும்பும் ஆண் தேனீக்களின் முட்டைகள் அதற்கு இருபது நாள் முன்பே இடப்பட்டிருக்க வேண்டும். புழு மாற்றிய பத்தாம் நாள், முதிர்ந்த ராணி அறைகளைச் சிறு பெட்டிகளுக்குப் பிரித்து வைக்க வேண்டும்; ஒரு நாள் பிந்தி முதல் ராணி வெளிவந்துவிட்டால் அது மற்ற அறைகளைக் கிழித்துத் தன் சகோதரிகளைக் கொன்றுவிடும். செரானாவில் இந்த நாட்கள் சற்றுக் குறைவு. உங்கள் பெட்டியிலேயே ஒருமுறை எண்ணி, குறிப்பேட்டில் உங்கள் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஆண் தேனீக்களும் அண்டை வீட்டாரும்

ஆண் தேனீக்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வான்வெளிகளில் கூடுகின்றன. ராணி அங்கே பறந்து செல்கிறது. இணையும் இரு குடும்பங்களுக்கு இடையே பல கிலோமீட்டர் தொலைவு இருக்கலாம் என்பதால், தனி ஒருவர் தம் தோட்டத்துக்குள் இணைசேர்க்கையைக் கட்டுப்படுத்த இயலாது. டென்மார்க்கின் லேசோ தீவிலும், ஸ்காட்லாந்தின் கொலன்சே தீவிலும் கரும் தேனீ காக்கப்படுவதற்குக் கடல் ஒரு காரணம், சட்டம் மற்றொரு காரணம். கொலன்சேயில் 2014 முதல் வேறு தேனீயை வளர்ப்பது குற்றம். இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் மடத்துத் துறவி பிரதர் ஆடம் தம் பக்ஃபாஸ்ட் தேனீக்களுக்காக 1925-இல் டார்ட்மூர் மேட்டு நிலத்தைத் தேர்ந்ததும் அதன் தனிமைக்காகத்தான். அவர் பல நாட்டு மரபுகளைக் கலந்தவர், நாட்டுத் தேனீ இயக்கத்தின் எதிர்த்திசையில் நடந்தவர். ஆனாலும் ஆண் தேனீயின் பக்கத்தை அவரளவுக்குப் பொருட்படுத்தியவர்கள் குறைவு.

தீவும் மேட்டு நிலமும் இல்லாதவருக்குள்ள வழி, வானை நிரப்புவது. உங்கள் மிக நல்ல இரண்டு மூன்று குடும்பங்களில் ஆண் அறை அடைகளை அனுமதியுங்கள். அவற்றை வீண் என்று வெட்டி எறியாதீர்கள். முரட்டுக் குடும்பங்களில் மட்டும் வெட்டுங்கள். நீங்கள் வளர்த்த உபரி ராணிகளையும் முதிர்ந்த ராணி அறைகளையும் சுற்றியுள்ள வளர்ப்பாளர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். மகள் ராணி யாரோடு இணைந்தாலும், அவள் இடும் ஆண் முட்டைகளில் நீங்கள் வளர்த்துக் கொடுத்த அவளுடைய மரபு மட்டுமே இருக்கும், ஏனெனில் ஆணுக்குத் தந்தை இல்லை. எனவே அடுத்த பருவத்தில் அண்டை வீட்டுப் பெட்டியிலிருந்து எழும் ஆண் தேனீக்கள் உங்கள் ராணிகளைத் தேடி வரும். கொடுத்த ராணி ஓர் ஆண்டு கழித்து மருமகன்களாகத் திரும்புகிறது என்று இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அப்படிச் சேரும் வளர்ப்பாளர்கள் ஐந்தாறு பேரானாலும் ஒரு குழுவாகலாம். அனைவரும் ஒரே மதிப்பெண் முறையைப் பின்பற்றுவதும், ஒவ்வொருவரும் வேறு வேறு தாய் ராணியிலிருந்து பெருக்குவதும் மட்டுமே அதற்கு வேண்டிய விதிகள். இரண்டாவது விதியை மறந்தால் மூன்றாம் படியில் சொன்ன ஓட்டை அடைகள் எல்லோர் பெட்டியிலும் வரும்.

பிறகு கற்பவை

சிறகு நரம்புகளை அளந்து இனத்தை மதிப்பிடும் முறை, மரபணுச் சோதனை, கருவியால் விந்தேற்றுதல் ஆகிய மூன்றும் புதியவர்களை ஈர்ப்பவை, மூன்றும் பொறுத்திருக்கலாம். சிறகு நரம்பின் இரண்டு பகுதிகளின் நீள விகிதம் கரும் தேனீயில் குறைவாகவும் கார்னியோலத் தேனீயில் மிகுதியாகவும் இருப்பது உண்மை. ஆயினும் கலப்பு நடந்த குடும்பத்தில் சிறகு ஒன்றைக் காட்டும், மரபு வேறொன்றைச் சொல்லும். சிறகின் நேர்த்தியை மட்டும் தேர்ந்து பெருக்கினால் அழகான சிறகு கிடைக்கும். விந்தேற்றும் முறை 1920-களில் லாயிட் வாட்சன் செய்து காட்டியது. பின்னர் கரியமிலவாயுவால் ராணியை மயக்கும் உத்தியும் சேர்ந்து நம்பகமானது. நுண்ணோக்கி, நுண்ணூசி, கைநடுங்காப் பயிற்சி எல்லாம் வேண்டும் என்பதால், குழுவில் ஒருவர் கற்றால் போதும்.

குழுவின் முதல் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ராணியைக் கொண்டுவர வேண்டாம். தம் குடும்பங்களில் மிக நல்லது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, மிக மோசமானது ஒன்று என்று மூன்றின் குறிப்பேட்டுப் பக்கங்களைக் கொண்டுவரட்டும். மோசமான குடும்பத்தின் பக்கத்தை முதலில் படியுங்கள். அங்கே எழுதியிருப்பது தேனீயின் குறையா, வளர்ப்பவரின் குறையா என்று பிரித்தறிவதில் அந்த மாலை முழுவதும் போய்விடும். எந்த ராணிகளை மாற்றுவது என்ற பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.